தங்கை குழந்தையை எடுத்த கை ஊரார் குழந்தைக்குக் காசு வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. திருநெல்வேலியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் கேனான் 1500டி கேமராவும் 50 எம்.எம். லென்ஸும் வாங்கினேன். தங்கை பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, ஏழு மாதம் அவள் குழந்தையை எடுத்துத் தள்ளினேன். 4,000 படத்துக்கு மேல் இருக்கும். அதில் நல்லதாக 40 தேறியது. அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்த, என் மனைவியோடு வேலை பார்க்கும் ஒருவர், ஐந்து வாரமான தன் பெண் குழந்தையை எடுத்துத் தரச் சொல்கிறார். 'சும்மா வேண்டாம், எவ்வளவு என்று சொல்லுங்கள்' என்கிறார். குழந்தை கூடைக்குள் சுருண்டு தூங்குவது, இரண்டு கையிலும் தாடையைத் தாங்கிக்கொண்டு தூங்குவது என்று மாதிரிப் படங்களும் அனுப்பியிருக்கிறார். ஒரு ஸ்டுடியோவில் 12,000 ரூபாய் கேட்டார்களாம். பத்துக் குழந்தையை இலவசமாக எடுத்துவிட்டு அப்புறம் காசு கேள் என்கிறான் நண்பன். தருகிறவர்களிடம் வாங்கினால் என்ன என்கிறாள் மனைவி. லைட் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் இறங்க வேண்டுமா? நான் காசு வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், தம்பி. ஆனால் அந்த மாதிரிப் படங்களை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி வாங்காதீர்கள். இந்த வாரமே வாங்கவும் வேண்டாம். இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். காரணம் சொல்கிறேன்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய 11 படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். தூளிக்குள்ளிருந்து ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஆச்சியின் விரல் அந்தப் பாதத்தைத் தொடுகிறதே, அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்க ஜன்னல் வெளிச்சம் ஆச்சியின் கைச் சுருக்கத்தில் விழுந்து, குழந்தையின் பாதத்தில் வந்து நிற்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்த கண் உங்களுக்கு இருக்கிறது. அதே நேரத்தில் ஏழாவது படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். மூக்கு நுனி பளிச்சென்று இருக்கிறது, கண் இரண்டும் மங்கல். லென்ஸை 1.8-ல் முழுசாகத் திறந்து வைத்து, அவ்வளவு பக்கத்தில் போய் எடுத்தால் அப்படித்தான் ஆகும். லென்ஸை 2.8 அல்லது 4-க்குக் கொஞ்சம் மூடி, கண்ணில் ஃபோகஸ் வைத்திருந்தால் இரண்டு கண்ணும் கிடைத்திருக்கும். தங்கைக்கு அந்தப் படமும் அழகுதான். காசு கொடுத்தவர் முதலில் கண்ணைத்தான் பார்ப்பார்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. 4,000-க்கு 40, அதாவது நூற்றுக்கு ஒன்று. அதுவும் உங்களைத் தெரிந்த குழந்தை. தாய்மாமன் குரல் கேட்டால் திரும்பும், கேமராவைப் பார்த்தால் பயப்படாது. இன்று அழுதால் நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற வசதியும் இருந்தது. வாடிக்கையாளர் வீட்டில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதில் பால் குடிப்பது, துணி மாற்றுவது, அழுவது, சமாதானமாவது எல்லாம் போக, குழந்தை விழித்து நிம்மதியாக இருப்பது இருபது நிமிடமோ அரை மணியோதான். அந்த அரை மணியில் 15 படம் தேற்றித் தர முடியுமா என்பதுதான் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது. படம் நன்றாக வருகிறதா என்ற கேள்வியை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள்.

அதைத் தெரிந்துகொள்ளப் பத்துக் குழந்தை தேவையில்லை, மூன்று போதும். மூன்றும் உங்களை முன்பின் பார்த்திராத குழந்தைகளாக இருக்கட்டும். தெருவில், மனைவியின் உறவில் கேட்டுப் பாருங்கள். ஒரு குழந்தை இரண்டு மாதத்துக்குள், ஒன்று ஆறேழு மாதம், ஒன்று ஒரு வயதை ஒட்டி. ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு முறை, இரண்டு மணி நேரம். வீடு இருட்டாக இருந்தாலும் சுவர் பச்சையாக இருந்தாலும் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் 12 படமாவது எந்தச் சமாதானமும் சொல்லாமல் நீட்ட முடிந்தால், நீங்கள் தயார். ஆறேழு மாதக் குழந்தைதான் இருப்பதிலேயே சுலபம்: உட்காரும், ஓடாது. எட்டு ஒன்பது மாதத்துக்கு மேல் ஆள் பார்த்து அழத் தொடங்கும். அங்கே போனதும் கேமராவை எடுக்காதீர்கள். கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருங்கள், குழந்தையே உங்களைத் தேடி வரும். ஒரு வயதுக் குழந்தையை, ஷட்டர் வேகம் 500-க்கு (நொடியில் 500-ல் ஒரு பங்கு) குறையாமல் வைத்துத் துரத்த வேண்டும்.

சரி, அந்தக் கூடைப் படங்களுக்கு வருகிறேன்.

அந்த மாதிரி சுருண்டு தூங்கும் படங்களைப் பிறந்து முதல் இரண்டு வாரத்துக்குள்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். அப்போதுதான் குழந்தை வயிற்றுக்குள் இருந்த மாதிரியே கையையும் காலையும் மடக்கிக்கொண்டு, தொட்டாலும் எழாமல் தூங்கும். ஐந்து வாரத்தில் அந்தப் பருவம் போய்விட்டது. இப்போது மடக்கினால் உதைக்கும். அடுத்து, தாடையைக் கையில் தாங்கும் படம். அது ஒரே படம் கிடையாது. ஒரு படத்தில் பெரியவர் ஒருவர் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பார், இன்னொன்றில் கைகளைப் பிடித்துக்கொண்டிருப்பார். இரண்டையும் போட்டோஷாப்பில் சேர்த்து, பெரியவரின் கையை அழித்துவிடுவார்கள். கழுத்து நிற்காத குழந்தை தன் தலைப் பாரத்தைத் தானே தாங்குவது எப்படி? தெரியாமல் ஒருவர் நிஜமாகவே உட்கார வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பதறுகிறது. இதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள் இருக்கிறார்கள், கூடவே ஓர் உதவியாளரையும் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் எடுக்கட்டும். நீங்கள் தொடாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2008-ல் நான் முதன்முதலில் காசு வாங்கியது ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில். ஐந்து மாத ஆண் குழந்தை. வீட்டில் பூ வைக்கும் பிரப்பங்கூடை ஒன்று இருந்தது. அதில் துணி விரித்து, தலையணை வைத்து, குழந்தையைச் சாய்த்து உட்கார வைத்தேன். நான் நான்கடி தள்ளிப் படுத்துக்கொண்டு எடுத்தேன், அம்மா எனக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பை ஆட்டினார். குழந்தை அந்தச் சத்தத்தைப் பிடிக்க முன்னால் எட்டியது. கூடை அப்படியே குழந்தையோடு குப்புறச் சாய்ந்தது. நான் வ்யூஃபைண்டருக்குள் பார்த்துக்கொண்டிருந்ததால், சாய்வதும் எனக்கு ஒரு நல்ல படமாகத்தான் தெரிந்தது, இன்னொரு தடவை அமுக்கிவிட்டேன். குழந்தையின் நெற்றி தரையில் படவில்லை. பக்கத்தில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த பாட்டியின் கை நடுவில் வந்துவிட்டது. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது: கலங்கலாக ஒரு கூடை, கலங்கலாக ஒரு குழந்தை, தெளிவாக ஒரு சுருக்கம் விழுந்த கை. அன்று வாங்கிய 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து கூடை வைத்தால் அடியில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துத்தான் துணி விரிப்பேன். எடுப்பது நானாக இருந்தாலும், ஒரு கை தூரத்தில் வேலை எதுவும் இல்லாத ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மாவைச் சிரிப்புக் காட்டச் சொல்லியிருந்தால் அவர் கணக்கில் வர மாட்டார். குழந்தைக்கு நேர் மேலே நின்று எடுக்கும்போது கேமரா வார் கழுத்தில் இருக்க வேண்டும். போனதும் கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அவர்கள் பார்க்கும்படியே கழுவுங்கள். உங்களுக்குச் சளி இருமல் இருந்தால் அன்றைக்குப் போகக் கூடாது. அட்வான்ஸ் வாங்கியிருந்தாலும் போகக் கூடாது.

இப்போது அந்தக் குழந்தைக்கு எது பொருத்தம் என்று பார்ப்போம். ஐந்து வாரம் என்கிறீர்கள். அடுத்த வாரம் ஒன்றரை மாத ஊசி இருக்கும். ஊசி போட்ட ஓரிரு நாள் காய்ச்சலும் சிணுங்கலுமாக இருக்கலாம், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். அதனால் ஏழாவது எட்டாவது வாரத்தில் தேதி வையுங்கள். அதற்குள் உங்கள் மூன்று வீடும் முடிந்திருக்கும். முதல் சிரிப்பு என்பது எந்தக் கூடைப் படத்தையும்விடப் பெரியது, அந்த அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்.

அந்த வயதுக் குழந்தைக்கு ஓர் அடி தூரத்துக்குள் இருப்பதுதான் நன்றாகத் தெரியும், மடியில் கிடந்தால் அம்மா முகம் இருக்கும் தூரம். ஐந்தடி தள்ளி நின்று பொம்மை ஆட்டுவதில் பிரயோஜனம் இல்லை. அம்மாவைக் கட்டிலில் ஜன்னல் பக்கமாக உட்கார வைத்து, குழந்தையை மடியில் கிடத்தி, குனிந்து பேசச் சொல்லுங்கள். நீங்கள் அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுங்கள். குழந்தை பார்ப்பது அம்மாவை, படத்தில் விழுவது அந்தப் பார்வை.

வெளிச்சத்துக்கு லைட் வாங்க வேண்டாம். கரை இல்லாத வெள்ளை வேட்டி ஒன்று, தெர்மோகோல் ஷீட் ஒன்று போதும். வெயில் நேராக அடிக்கும் ஜன்னலில் வேட்டியைக் கட்டினால் வெளிச்சம் மெத்தென்று இறங்கும். எதிர்ப்பக்கம் தெர்மோகோலை நிறுத்தினால் இருட்டுப் பக்கக் கன்னம் தெளியும். நம் வீடுகளில் சுவர் பச்சையும் ரோஸுமாக இருக்கும், அந்த நிறம் குழந்தையின் தோலில் ஏறும். பக்கத்துச் சுவரில் வெள்ளைப் போர்வையைத் தொங்கவிடுங்கள். ஃபிளாஷ் பட்டால் கண் போய்விடும் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். வழக்கமான கேமரா ஃபிளாஷால் கண்ணுக்குக் கெடுதல் வருவதில்லை. ஆனாலும் முகத்துக்கு நேரே அடித்தால் குழந்தை திடுக்கிடும், படமும் தட்டையாக இருக்கும். அந்த வீட்டில் அதைப் பற்றி வாதம் செய்யாமல் ஃபிளாஷை மூடியே வையுங்கள். ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை வாங்கும் திறன்) 1600 போனாலும் பரவாயில்லை, ஷட்டர் 200-க்குக் கீழே இறங்க வேண்டாம். செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால் இன்னொரு பேட்டரியும் இன்னொரு மெமரி கார்டும் வாங்குங்கள். உங்கள் கேமராவில் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும். பாதியில் கார்டை மாற்றிவிடுங்கள், ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடுவதற்கு முன் இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள். ஏழு வாரக் குழந்தையைத் திரும்ப ஏழு வாரமாக்க யாராலும் முடியாது.

எந்த நேரத்துக்குப் போவது என்பதை எண்ணெய்க் குளியல்தான் முடிவு செய்யும். குளிப்பாட்டிப் பால் கொடுத்ததும் குழந்தை அடித்துப்போட்ட மாதிரி தூங்கும். தூளிப் படம், விரல், பாதம், உச்சந்தலை முடி இதெல்லாம் அப்போது எடுங்கள். தூங்கி எழுந்து, பால் குடித்து, ஏப்பம் விட்ட பிறகு கிடைக்கும் அரை மணிதான் சிரிப்புக்கு. எண்ணெய் மினுமினுப்பு நெற்றியில் வெள்ளையாக எரியும், மெல்லிய துணியால் அம்மாவையே ஒற்றிவிடச் சொல்லுங்கள். சாம்பிராணி போட்டிருந்தால் புகை கலையும் வரை வேறு அறையில் இருக்கலாம்.

கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைக் கேட்காமல் எடிட்டிங்கில் அழித்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை முகம் சுத்தமாக இருக்கட்டும் என்று அழித்துக் கொடுத்தேன், அந்த வீட்டுப் பாட்டி படத்தைக் கையில் வாங்கவே இல்லை. கையிலிருக்கும் வசம்பு வளையலும் அரைஞாண் கயிறும் அப்படித்தான், அவர்கள் ஆசையாகப் போட்டது. இன்னொன்று, குழந்தையின் தோல் படத்தில் மஞ்சளாகத் தெரிந்தால் உடனே கலர் கரெக்‌ஷனுக்குப் போகாதீர்கள். நேரில் பாருங்கள். பிறந்த முதல் வாரங்களில் மஞ்சள் பல குழந்தைகளுக்கு வந்து போகும். இரண்டு மாதத்தை நெருங்கும் குழந்தைக்குக் கண் வெள்ளையிலும் மஞ்சள் இருந்தால், டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள் என்று சொல்லிவிடுங்கள். தினமும் பார்க்கிறவர்கள் கண்ணில் அது சில சமயம் படாது.

அப்புறம் காசு. போக வர ஒரு மணி, எடுக்க இரண்டரை மணி, தேர்ந்தெடுக்க இரண்டு மணி, படத்துக்கு 20 நிமிடம் வைத்தால் 15 படம் எடிட் செய்ய ஐந்து மணி. பத்தரை மணி நேர வேலை. 500 ரூபாய் வாங்கினால் மணிக்கு 50 ரூபாய்கூட வராது, நான்காவது குழந்தைக்குள் கேமராவைப் பெட்டியில் வைத்துவிடுவீர்கள். 12,000 வாங்க உங்களிடம் இடமும் இல்லை, உதவியாளரும் இல்லை. 3,000 கேளுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு 'உங்களுக்குத் தெரியாததா, பார்த்துக் கொடுங்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் எவ்வளவு கொடுத்தாலும் ஒருவருக்காவது மனதில் குறை நிற்கும், அதை அலுவலகத்தில் தினமும் சுமப்பது உங்கள் மனைவி. சொந்தக்காரர்களுக்கு எடுத்தால் காசே வாங்காமல் சீர் வரிசை மாதிரிச் செய்யுங்கள், அல்லது முழுக் காசு வாங்குங்கள். பாதி விலை என்று ஒன்று வைத்தால் எனக்குத் தெரிந்து அது சண்டையில்தான் முடிந்திருக்கிறது.

ஒப்பந்தப் பத்திரம் எல்லாம் வேண்டாம், வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போதும்: 'மேடம், பாப்பாவை உங்கள் வீட்டுக்கே வந்து எடுக்கிறேன். கூடை, தாடையில் கை வைப்பது போன்ற படங்கள் எடுக்க எனக்குப் பயிற்சி இல்லை, பாப்பாவுக்கும் அந்த வயது தாண்டிவிட்டது. மடி, தூளி, பாட்டியோடு, அப்பாவோடு என்று இயல்பாக எடுப்பேன். எடிட் செய்த 15 படம், பத்து நாளில். 3,000 ரூபாய். தேதி வைக்கும்போது 1,000. பிரிண்ட் போட்டால் லேப் பில் தனி. பாப்பா அன்றைக்கு ஒத்துழைக்காவிட்டால் இன்னொரு நாள் வருவேன், அதற்குக் காசு இல்லை. உங்கள் அனுமதி இல்லாமல் படங்களை எங்கேயும் போட மாட்டேன்.' 'எடுத்த எல்லாப் படத்தையும் கொடுங்கள்' என்று எப்படியும் கேட்பார்கள். 15 என்று முன்னாலேயே எழுதியிருந்தால் சிரித்துக்கொண்டே மறுக்கலாம்.

அனுமதி இல்லாமல் போட மாட்டேன் என்ற அந்தச் செய்தியின் கடைசி வரியைச் சும்மா சேர்க்கவில்லை. தங்கை குழந்தையை நீங்களாக எடுத்த படங்களுக்கு உரிமை உங்களுடையது. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு எடுத்துக் கொடுக்கும் போட்டோவுக்கு, வேறுமாதிரி பேசிக்கொள்ளவில்லை என்றால், கேட்டவர்தான் முதல் உரிமையாளர். 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. பல வருஷம் தொழில் செய்கிறவர்களுக்கே இது தெரியாது. ஸ்டேட்டஸில் போட வேண்டும் என்றால் எந்தப் படம், எங்கே என்று கேட்டு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். துணி இல்லாமல் குப்புறப் படுக்க வைத்து எடுப்பது நம் வீட்டு ஆல்பங்களில் எல்லாம் இருக்கும். இன்றைக்கு அப்படி எடுத்தது யார் போனுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஒரு துணி சுற்றி எடுங்கள், பெற்றோர் கேட்டாலும் சுற்றியே எடுங்கள்.

வரி, பதிவு என்று இப்போதே கவலைப்பட வேண்டாம். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு. ஆனால் வருமான வரிக் கணக்கில் இந்த வரவையும் காட்டுங்கள், கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலையில் சேரும்போது கொடுத்த ஆர்டரில், வெளியே வேறு வருமானம் பார்க்கக் கூடாது என்று ஏதாவது வரி இருக்கிறதா என்று மட்டும் எடுத்துப் பாருங்கள்.

மனைவியை விட்டுப் பேசச் சொல்லாமல் நீங்களே அந்த அம்மாவுக்கு ஃபோன் செய்யுங்கள். ஊசி என்றைக்கு, காலையில் எத்தனை மணிக்குக் குளிப்பாட்டுகிறார்கள், ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் பாட்டி வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துத் தேதி வையுங்கள்.